கனடாப் படத்துக்காக வாங்கிய நாய்

என் கணவர் நாய்க்குப் பயந்தவர். ஹம்பேர்க்கில் நாங்கள் இருந்த தெருவில் ஒரு ஜெர்மன் கிழவி சப்பாத்து அளவு நாயொன்றைக் கூட்டிக்கொண்டு போவாள். அதைக் கண்டால் இவர் மற்றப் பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார். கேட்டால் அந்தப் பக்கம்தான் வெயில் என்பார். ஹம்பேர்க்கில் நவம்பர் மாதத்தில் வெயிலைத் தேடிப்போன ஒரே மனிதர் அவர்தான். அப்படிப்பட்டவர், மார்க் போய் யூரோக் காசு புழக்கத்துக்கு வந்த அந்த வருஷம், ஆட்டுக்குட்டியைவிடப் பெரிதாக வளரும் ஒரு பனிநாயை வாங்க வேண்டும் என்று சொன்னார்.

காரணம் ஒரு படம். கனடாவில் இருந்த அவருடைய மச்சான், இவருடைய தங்கையைக் கட்டியவர், புது வீட்டின் முன்னால் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். பின்னால் இரண்டு கராஜ் வைத்த வீடு. பக்கத்தில் கார். புல்லில் பஞ்சு மூட்டை மாதிரி ஒரு வெள்ளை நாய், வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. வீடும் காரும் எங்களுக்கு ஆகாது என்பது இவருக்கே தெரியும். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறவர். நாங்கள் இருந்தது மூன்றாம் மாடியில், மூன்று அறை. அந்தப் படத்தில் எட்டக்கூடியதாக மிஞ்சியது நாய்தான். படத்தைக் குளிரூட்டியின் கதவில் ஒட்டிவைத்தார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்ப்பார்.

அந்த இனத்துக்கு சமொயேட் என்று பெயர். அதை வளர்த்து விற்கிற ஒரு பெண்மணி லூனபுர்க் பக்கம் இருக்கிறார் என்று வேலைத்தலத்தில் யாரோ சொல்லி, சந்திக்க ஒரு டெர்மின் எடுத்து, எங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு ரயிலில் போனோம். மகளுக்கு அப்போது பத்து வயது. போவதற்கு முந்திய ஞாயிறு, இவர் தன் வேலை நண்பர் ஒருவரின் தோட்டத்துக்கு எங்களைக் கூட்டிப்போய், மகளையும் என்னையும் அப்பிள் மரத்தடியில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். எதற்கென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படம் எடுக்கச் சொன்னால் நிற்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். றப்பர் சப்பாத்தும் மயிர் ஒட்டிய கம்பளிச் சட்டையுமாக இருந்தார். எங்களுக்குக் கோப்பி தந்துவிட்டு, நாயைக் காட்டாமல் கேள்வி கேட்கத் தொடங்கினார். வீட்டில் தோட்டம் இருக்கிறதா. பகலில் யார் வீட்டில் இருப்பார்கள். இந்த நாய்கள் தனியாக இருக்கப் பிறந்தவை அல்ல, பனிப்பிரதேசத்தில் கலைமான் மேய்க்கிற சனங்களோடு ஒரே கூடாரத்தில் படுத்து வளர்ந்தவை, தெரியுமா.

இவருடைய ஜெர்மன் களஞ்சியத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும். வீட்டுக் காகிதமெல்லாம் நான்தான் பார்ப்பேன். மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார்.

"நீர் வேலைக்குப் போறேல்லை, முழு நாளும் வீட்டிலைதான் எண்டு சொல்லும்."

நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் வீடு. அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு, நான் வேலைக்குப் போவதில்லை, முழு நாளும் வீட்டில்தான் என்று திருத்தமான ஜெர்மனில், வினைச்சொல்லைச் சரியான இடத்தில் வைத்துச் சொன்னேன். இவர் சட்டைப் பையிலிருந்து அப்பிள் மரப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் தோட்டம் என்று அதையும் நானே சொன்னேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கோப்பையில் இருந்த கக்காவோப் பாலைப் பார்த்தாள்.

இவரைப் பற்றி நான் எழுதப்போவது எதுவும் நல்லதாக இராது. ஆகவே இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்: பொய் அவருடையது. வாய் என்னுடையது.

ஒப்பந்தத்தை நான் வாசித்தேன், இவர் கையெழுத்து வைத்தார். குட்டி எங்களோடு ரயிலில் வந்தது. இவர் எதிர் இருக்கையில், எட்ட இருந்தார். ஏறுகிற சனமெல்லாம் "ஐயோ, என்ன வடிவு, சிரிக்கிறதே" என்றார்கள். அந்தச் சிரிப்பு அதன் வாய் படைக்கப்பட்ட விதம். கடைவாய் மேல்நோக்கி வளைந்திருக்கும். வயிற்றுவலி வந்தாலும் அது அப்படித்தான் சிரிக்கும் என்று அந்தப் பெண்மணி சொல்லித்தான் விட்டிருந்தார். ஆனால் ஒரு நாய் தங்களைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நம்புவதில் சனத்துக்கு அப்படியொரு ஆசை.

இவர் அதற்கு ஒரு சோழ அரசனின் பெயரை வைத்தார். எந்த அரசன் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த நாய் கடைசிவரை அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. "வா" என்றால் வந்தது.

வாங்கி இரண்டு கிழமைக்குள் கனடாவுக்குப் படம் போனது. அடுத்த ஞாயிறு தொலைபேசி அட்டை போட்டு மச்சானுக்கு எடுத்தார். மகளும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை அழுத்தியிருந்தார். அதனால் நானும் கேட்டேன்.

"உண்மையாவே வாங்கிட்டியோ மச்சான்?" என்று அந்தப் பக்கம் சிரித்தது. "அது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன்ரை நாயடா. படம் எடுக்கேக்குள்ளை வந்து நிண்டது."

இவர் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, ரிசீவரைக் காதோடு ஒட்டிக்கொண்டு அறைக்குள் போனார். வெளியே வந்து மச்சானுக்குப் பொறாமை என்றார். அடுத்த நாள் காலை குளிரூட்டிக் கதவில் படம் இல்லை. நாய் இருந்தது.

அதன் பிறகு இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததை, நாய் வளர்த்ததென்று சொல்ல முடியாது. வெள்ளை மயிரோடு சீவித்தோம். வருஷத்தில் இரண்டு தடவை அடி மயிர் முழுவதும் கழன்று வரும். சீப்பால் வாரினால் ஒரு நேரத்தில் ஒரு கடைப்பை நிறையும். சோற்றில் மயிர். சாமிப் படத்தடி விளக்கின் எண்ணெயில் மயிர். என் வேலைச் சட்டையில் மயிர். சமையலறைத் தலைவி என்னைக் கதவடியில் நிறுத்தி ஒட்டுத்தாள் உருளையால் முதுகைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். வாரியது நான். மழையிலும் இருட்டிலும் கூட்டிப்போனது நான். அது போட்டதைப் பையால் அள்ளியதும் நான். இவர் எட்ட நின்று, "இஞ்சை பாரும், அங்கையும் கொஞ்சம் கிடக்கு" என்று காட்டுவார். அந்த விஷயத்தில் அவருக்கு நல்ல கண்.

இவருடைய நாள் சனிக்கிழமை. சட்டை இஸ்திரி போட்டு, வாசனை பூசி, நாயை எஸ்-பான் ரயிலில் ஏற்றி, தலைமை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க்கடைகளுக்குக் கூட்டிப்போவார். கடைக்குள் நாயை விடமாட்டார்கள். அதுதான் அவருக்கு வசதி. வாசலில் நிற்கலாம். வாழைக்காயும் முருங்கைக்காயும் வாங்க வருகிற சனம் நின்று பார்க்கும், பிள்ளைகள் படம் எடுப்பார்கள். ரஷ்யாவில் ராசாக்கள் மட்டும் வளர்த்த சாதி என்று சொல்வார். கலைமான் மேய்க்கிறவர்கள் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. சாமான் வாங்கிக்கொண்டு வருவது என் வேலை என்பதால் நானும் போவேன். பை இரண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, "இவதான் பாக்கிறா, நான் பழக்கிவிட்டனான்" என்று யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கும் நாய்க்கும் இடையில் எப்போதும் கையில் பிடித்த வாரின் முழு நீளம் இருக்கும்.

வார நாள்களில் ஏழரைக்கு இவரும் மகளும் போனால், நான் வரும்வரை அது தனியாக இருந்தது. ஆறரை மணித்தியாலம். முதலில் கதவைச் சுரண்டியது. பிறகு ஊளையிடப் பழகியது. நாயின் ஊளை மாதிரி இராது, யாரோ பாடத் தெரியாதவர் பாடுவது மாதிரி இருக்கும் என்று கீழ்வீட்டுக் கிழவர் என்னிடம் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. அது எங்கள் நாய் அல்ல, பக்கத்துக் கட்டடத்தில் ஒன்று இருக்கிறது என்று பதில் எழுதச் சொன்னார் இவர். எழுதினேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

நாய் மேல் எனக்கு அன்பு இருந்தது என்று சொன்னால் அதுவும் பொய். நான் நாய்களோடு வளரவில்லை. அதன் மூச்சு நாற்றம் எனக்குக் கடைசிவரை பழகவில்லை. ஆனால் அதன் மேல் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒரு தையில் முழங்கால் அளவு பனி கொட்டியது. மகள் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையை எடுத்து வந்தாள். கயிற்றை நாயின் மார்பில் கட்டினோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தலையைத் தாழ்த்தி, பின்கால்களை ஊன்றி, மகளை இழுத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றி ஓடியது. எங்கள் வீட்டில் தன் வேலையைத் தெரிந்து செய்த சீவன் அன்று அதுதான். இவர் கமராவோடு வந்து, முகம் தெரியவில்லை, மற்றப் பக்கம் திருப்புங்கோ என்றார்.

பிறகு அந்தப் பெரிய வெக்கைக் கோடை வந்தது. எல்லா நாடும் வெந்தது. முதியோர் இல்லத்தில் ஈரத் துவாய்களோடு ஓடித்திரிந்தோம். வீட்டுக்கு வந்தால் நாய் குளியலறைத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கும். இவருக்குத் திடீரென்று அதில் இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் இவர் மிகவும் ஆபத்தானவர். மயிரை மழித்துவிட வேண்டும் என்றார். மழிக்கக் கூடாது, அந்த இரட்டை மயிர்தான் வெக்கையையும் தடுக்கும், தோலில் வெயில் படக்கூடாது என்று மிருக வைத்தியர் சொன்னதை நான் சொன்னேன்.

"அவர் எங்கை வெக்கையிலை இருந்தவர்?" என்றார். "வெக்கையைப் பற்றி எங்களுக்குத் தெரியாததோ?"

நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், வீட்டிலேயே ஆட்களுக்குத் தலைமயிர் வெட்டுகிற ஒரு தமிழரிடம் கூட்டிப்போய், அவருடைய குசினியில் வைத்து, ஆட்களுக்கு வெட்டுகிற மெஷினால் மழித்துவிட்டார். நான் வந்தபோது மேசைக்குக் கீழே வேறொரு மிருகம் இருந்தது. இளஞ்சிவப்புத் தோல். முதுகில் நாலைந்து இடத்தில் மெஷின் கடித்த கோடு. இத்தனை மயிருக்குள் இவ்வளவு மெலிந்த உடம்பா இருந்தது என்று திகைத்தேன். தலையை மட்டும் மழிக்கவில்லை. பெரிய வெள்ளைத் தலை, உரித்த உடம்பு. அது என்னைப் பார்த்துச் சிரித்தது, அதற்கு வேறு முகம் இல்லாதபடியால்.

இவர் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அதைக் கூட்டிப்போகவில்லை. நாய்க்குச் சுகமில்லை என்று கடையடியில் சொன்னார். வீட்டில் அது பக்கத்தால் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதுதான் அவரை ஏமாற்றிவிட்டது போல. தோல் வெயிலில் எரிந்து உரிந்தது. நான் வைத்தியரிடம் கூட்டிப்போய் வாங்கிய களிம்பைப் பூசினேன். வைத்தியர் என்னோடு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. எனக்கு வேண்டியதுதான்.

அந்த இலையுதிர் காலத்தில் மகள் பெரியபிள்ளை ஆனாள். மாசியில் சாமத்தியவீடு என்று மண்டபம் எடுத்தாயிற்று. அவளுக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. தன் ஜெர்மன் சிநேகிதிகளைக் கூப்பிடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தாள். இவர் வீடியோக்காரரோடு மேசையில் இருந்து காட்சி காட்சியாகத் திட்டம் போட்டார். மகள் சேலையோடு மண்டப வாசலில் நடந்து வர, பக்கத்தில் வெள்ளை நாய். கனடாவில் அப்படி ஒருவரும் செய்யவில்லையாம். நாயைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மயிர் திட்டுத்திட்டாக, ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் கட்டையுமாக வளர்ந்திருந்தது. வீடியோக்காரர் தேத்தண்ணீரைக் குடித்தார்.

அடுத்த நாள் இவர் தொலைபேசியை என் கையில் தந்தார்.

"நாய் தந்த மனிசிக்குப் போன் அடியும். ஒரு நாளைக்கு வேறை ஒண்டைத் தரச் சொல்லும். அதே மாதிரி. விழா முடியத் திருப்பிக் குடுப்பம்."

நான் அவரைப் பார்த்தேன். பகிடியில்லை, முகத்தில் அவ்வளவு சாதாரணம். தட்டு இரவல் கேட்பது போல. பதினான்கு வருஷம் இந்த மனிதருக்கு நான் மொழியாக இருந்தேன். அந்த நிமிஷம் அதில் எனக்கு அருவருப்பு வந்தது. அவரிலா என்னிலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எடுத்தேன். அந்தப் பெண்மணிக்கு எங்களை ஞாபகம் இருந்தது. நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். அமைதியாக, சந்தைப் பட்டியல் வாசிப்பது மாதிரி. நான் விடிய ஐந்தரைக்கு வேலைக்குப் போகிறவள். அன்றும் போனேன், இன்றும் போகிறேன். தோட்டம் எங்களுடையது அல்ல. நாங்கள் மூன்றாம் மாடி. அது ஆறரை மணித்தியாலம் தனியே இருந்து ஊளையிடுகிறது. கோடையில் மழித்துவிட்டோம். இப்போது ஒரு விழாவுக்கு வேறு நாய் இரவல் வேண்டும் என்று என் கணவர் பக்கத்தில் நிற்கிறார்.

இவர் நான் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டு நின்றார். வேகமாகப் பேசினால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது.

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும்தானே?" என்றார். தெரியும் என்றேன். சரியாக வைத்திருக்காவிட்டால் நாயைத் திரும்ப எடுக்க அவருக்கு உரிமை. முகவரியை ஒருமுறை சொல்லச் சொன்னார், சொன்னேன்.

"என்னவாம்?" என்றார் இவர்.

"வெள்ளிக்கிழமை வாறாவாம்."

"நாயோடையோ?"

"வாகனத்தோடை."

வெள்ளிக்கிழமை இவர் சவரம் செய்து, சட்டை போட்டு, மேசையில் கேக் வைத்துக் காத்திருந்தார். அந்தப் பெண்மணி சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தார். கேக்கைப் பார்க்கவில்லை. தரையில் முழங்காலிட்டு, நாயின் முதுகில் உள்ளங்கையை வைத்து, மெல்ல வால்வரை கொண்டுபோனார். அது அவர் கழுத்துக்குள் தலையை நுழைத்தது. அவர் அதன் காதுக்குள் ஏதோ சொன்னார். எழும்பி, கொண்டுவந்த வாரைப் பூட்டினார். எங்கள் வாரைக் கழற்றி மேசையில், கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

இவர் தன் களஞ்சிய ஜெர்மனில், "மற்றது எங்கே?" என்று கேட்டார். அவர் இவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீங்கள் அன்று மிக நன்றாக ஜெர்மன் பேசினீர்கள்," என்றார். "அதனால்தான் நம்பினேன்."

அதற்குப் பதில் சொல்ல எத்தனையோ ஜெர்மன் சொற்கள் எனக்குத் தெரியும். நாய் படியில் அவருக்கு முன்னால் இறங்கியது. யன்னலால் பார்த்தேன், வாகனத்தின் பின்கதவைத் திறந்ததும் தானாகப் பாய்ந்து ஏறியது. பிரியும்போது திரும்பிப் பார்க்கும் என்று கதை சொல்பவர்கள் சொல்வார்கள். அது திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்?

இவர் என்னை ஏசினார், நான் ஏதோ பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று. ஓம், பிழைதான் என்றேன்.

சாமத்தியவீடு நடந்தது. மகள் மணவறையில் இருந்து, வந்த எல்லோரையும் பார்த்து, படத்துக்கு எப்படிச் சிரிக்க வேண்டுமோ அப்படிச் சிரித்தாள். நாய் எங்கே என்று கேட்டவர்களுக்கு, செத்துப்போச்சு என்றார் இவர். முதலில் காய்ச்சல் என்றார். மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது, தன் மடியில்தான் உயிர் போனது என்றார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த நாயை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை.

அதோடு முடியவில்லை. அடுத்த கிழமை ஒரு குடும்பம் பிஸ்கற் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தது. அந்த அண்ணையும் அக்காவும் உண்மையிலேயே கவலைப்பட்டார்கள். கடையடியில் எவ்வளவு அமைதியாக நிற்கும் என்றார் அக்கா. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீரும் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அவர் அதற்குள் தானே நம்பத் தொடங்கிவிட்டிருந்தார்.

மகள் தன் அறைக் கதவடியில் நின்றாள்.

"அது சாகேல்லை," என்றாள். "லூனபுர்க்கிலை, நாய் தந்த ஃப்ராவிட்டை இருக்கு."

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் பெருமூச்சு விட்டு, "பிள்ளையாலை இன்னும் ஏத்துக்கொள்ள ஏலாமல் கிடக்கு," என்றார். அக்கா எழும்பிப் போய் மகளின் தலையைத் தடவினார். மகள் அந்தக் கைக்குக் கீழே அசையாமல் நின்று என்னைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். ஓம், பிள்ளை சொல்வதுதான் சரி என்று தமிழில் ஒரு வசனம். நான் அக்காவிடம், தேத்தண்ணீருக்குச் சீனி போதுமா என்று கேட்டேன்.

மகள் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள், நாயைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். நான் அந்தப் பெண்மணிக்கு எடுத்தேன். மயிர் வளர்கிறது, மற்ற நாய்களோடு படுக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது என்றார். நாங்கள் வருவதை விரும்பவில்லை என்றும் சொன்னார், மரியாதையாக, தெளிவாக. நான் அதை ஒரு சொல்லும் மாற்றாமல் மகளிடம் சொன்னேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்ப் பாடம் படித்தாள்.